இடிக்கிறதுக்கு முன்னாடி

சிவில் படிக்கிற எல்லாருக்கும் ஒரு தலைவிதி உண்டு. சேர்ந்த முதல் வருஷமே சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா காபி வர்றதுக்கு முன்னாடி கேள்வி வந்துடும். "சுவத்துல ஒரு விரிசல் இருக்கு, என்னன்னு பாரு." "மாடியில ஒரு ரூம் எடுத்தா தாங்குமா?" நமக்கு அப்போ இஞ்சினியரிங் கிராபிக்ஸ்லயே அரியர் பயம். ஆனா கேட்கிறவங்களுக்கு அது தெரியாது.

இப்போ நான் ஃபைனல் இயர். கேள்வி கேட்கிறவங்க எண்ணிக்கை குறையலை, அதனால ஒரே தடவையா எழுதிடலாம்னு இந்தக் கட்டுரை. பத்தாவது வரைக்கும் தமிழ் ஒரு பாடம், மத்ததெல்லாம் இங்கிலீஷ்னு படிச்ச ஆள் நான். நடை எங்கேயாவது இடறினா பொறுத்துக்கோங்க.

புதுசா வீடு கட்டுறதைப் பத்தி நான் பேசப்போறதில்லை. ஏற்கெனவே கட்டி, உள்ளே ஆளுங்க குடியிருக்கிற வீட்டைச் சரி பண்றதைப் பத்தித்தான். அதுலயும் முதல் சம்மட்டி அடி விழறதுக்கு முன்னாடி இருக்கிற நாட்களைப் பத்தி. ஏன்னா, இடிக்கிறதுக்கு முன்னாடி மனசை மாத்திக்கிட்டா அழிரப்பர் செலவு மட்டும்தான். இடிச்ச பிறகு மாத்தினா சிமெண்ட், கூலி, நாள்னு மூணும் போகும். அதைவிட மோசம், நாம முடிவு பண்ணாம விட்டதை எல்லாம் கலவை காயறதுக்குள்ள யாராவது ஒருத்தர் நமக்காக முடிவு பண்ணிடுவாங்க.

எங்க வீட்டு நிலவரம்

எங்க வீடு மானாமதுரையில இருக்கு. 1989-ல தாத்தா கட்டினது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், காங்கிரீட் கூரை, ஹால்ல சிவப்பு ஆக்சைடு தரை. பாத்ரூமும் கக்கூஸும் அந்தக் கால வழக்கப்படி கொல்லைப்புறத்துல, தனித்தனியா பக்கத்துப் பக்கத்துல. பின்வாசல்ல இருந்து 7 இன்ச் இறங்கி, தகரக் கூரை போட்ட 5 அடி நடையைத் தாண்டி, 4 இன்ச் வாசப்படி ஏறிப் போகணும்.

இந்த வருஷம் மார்ச்ல அப்பத்தா அந்த வாசப்படியில தடுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு முறிவு. மதுரையில ஆபரேஷன் முடிஞ்சு, பரமக்குடியில அத்தை வீட்டுக்குப் போனாங்க. டாக்டர் சொன்னது ரெண்டு விஷயம்: வாக்கர் வச்சுத்தான் நடக்கணும், திரும்ப ஒருதடவை விழவே கூடாது. அப்பத்தா சொன்னது ஒரே விஷயம்: "என்னைய என் வீட்டுல கொண்டுபோய் விடுங்க."

இன்னொரு பக்கம் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஹாலுக்கு டைல்ஸ் போடணும், முன்பக்கம் கொஞ்சம் எடுப்பா இருக்கணும்னு அப்பாவுக்கு ரொம்ப நாள் ஆசை. சமையலறை சீலிங்ல ஒரு இடத்துல பூச்சு விழுந்து துருப்பிடிச்ச கம்பி தெரிஞ்சது. கையில இருந்த பணம், அப்பாவோட சேமிப்பும் சொசைட்டி லோனும் சேர்த்து 5 லட்சம். ஆசை எல்லாத்தையும் கூட்டினா அதுக்கு ரெண்டு மடங்கு வரும்.

முதல்ல வீட்டைப் படிங்க

பழைய வீடுகளுக்குப் பெரும்பாலும் பிளான் இருக்காது. எங்க வீட்டுக்கும் இல்லை. ஒரு டேப், ஒரு கிராஃப் நோட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஒவ்வொரு அறையோட நீள அகலம், சுவரோட தடிமன், கதவு ஜன்னல் இருக்கிற இடம், தரை எங்கெங்க ஏறி இறங்குதுனு வரைஞ்சுக்கோங்க. குழாய் எங்க போகுது, மெயின் போர்டு எங்க இருக்கு, செப்டிக் டேங்க் எந்தப் பக்கம்னு குறிச்சு வைங்க. இதெல்லாம் வீட்டுல ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சிருக்கும். எங்க வீட்டுல அது அப்பத்தா. டேங்க் மூடி எந்தச் செடிக்குக் கீழே இருக்குனு போன்லயே சொன்னாங்க.

சுவர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி அதோட தடிமனைப் பாருங்க. ஒன்பது அங்குலச் சுவர்னா அது கூரையையே தாங்கிட்டு நிக்கலாம். "ஹாலையும் கிச்சனையும் ஒண்ணாக்கிடலாம்"னு யூடியூப் பார்த்துட்டு யாராவது சொன்னா, முதல்ல அந்தச் சுவர் மேல என்ன உட்கார்ந்திருக்குனு கேளுங்க. நாலரை அங்குலச் சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்புதான். ஆனாலும் மேல பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணணும். எங்க பாத்ரூமுக்கும் கக்கூஸுக்கும் நடுவுல இருந்த நாலரை அங்குலச் சுவர் கூரையைத் தொடவே இல்லை. காத்து போறதுக்காக ஒரு அடி இடைவெளி விட்டு நின்னுருந்தது. அது எதையும் தாங்கலைனு அங்கேயே தெரிஞ்சுபோச்சு.

அடுத்தது, தட்டிப் பாருங்க. சின்ன சுத்தியலால சீலிங்கையும் சுவரையும் மெதுவா தட்டினா நல்ல இடம் கெட்டியா சத்தம் கொடுக்கும், உள்ளே விட்டுப்போன இடம் பொத்தல் சத்தம் கொடுக்கும். பொத்தல் சத்தம் வந்த இடத்தையெல்லாம் சாக்பீஸால வட்டம் போட்டேன். சமையலறையில மூணு வட்டம். கம்பி துருப்பிடிச்சா அது முன்ன விட அதிக இடத்தை எடுத்துக்கும், சுத்தி இருக்கிற காங்கிரீட்டை வெளியே தள்ளும். அதனால மேல பூச்சு மட்டும் பூசி மறைச்சா திரும்ப விழும். தளர்ந்த காங்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியைத் தேய்ச்சு, துரு தடுக்கிற பூச்சு அடிச்சு, பாலிமர் கலந்த கலவையால நிரப்பணும். அதுக்கும் முன்னாடி தண்ணி எங்க இருந்து வருதுனு கண்டுபிடிக்கணும். எங்க மொட்டை மாடியில செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேல தட்டோடு பதிச்சிருக்கு. மழைத்தண்ணி இறங்குற குழாய் வாய்கிட்ட ஓடு இணைப்பெல்லாம் விட்டுப்போயிருந்தது. அதுக்கு நேர் கீழே சமையலறை.

வட்டங்கள் அதிகமா இருந்தாலோ, கம்பி நிறைய இடத்துல தெரிஞ்சாலோ நம்ம சுத்தியலை ஓரமா வச்சுட்டு ஒரு ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியரைக் கூப்பிடுங்க. நாம இன்னும் ஸ்டூடண்ட்ஸ்தான், அதுல வெட்கம் இல்லை.

அடுத்தது ஆளை அளங்க

இதைத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன். எல்லாரும் வீட்டை அளப்பாங்க, அதுல இருக்கப்போற ஆளை யாரும் அளக்கறதில்லை.

அத்தைக்கு வீடியோ கால் போட்டேன். வாக்கரோட அகலம் 24 இன்ச். எங்க பழைய பாத்ரூம் கதவோட திறப்பும் அதே 24 இன்ச். அதாவது, எவ்வளவு விலை உயர்ந்த டைல்ஸ் போட்டாலும் அப்பத்தாவால உள்ளே போகவே முடியாது. இந்த ஒரு எண் தெரியாம வேலை ஆரம்பிச்சிருந்தா மொத்தப் பணமும் வீண். மத்திய அரசு 2021-ல வெளியிட்ட வழிகாட்டுதல்கள்ல கதவோட திறப்பு குறைஞ்சது 900 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட 3 அடி இருக்கணும்னு இருக்கு. நாங்களும் அதையே எடுத்துக்கிட்டோம்.

அப்புறம் அப்பத்தா எந்த உயர நாற்காலியில இருந்து சுலபமா எந்திரிக்கிறாங்கனு பார்த்தோம். அத்தை வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி, 17 இன்ச். அதைவிடத் தாழ்வா இருந்த கட்டில்ல இருந்து எந்திரிக்க ரெண்டு பேர் தேவைப்பட்டது. அப்போ வெஸ்டர்ன் கோப்பையோட உட்காரும் உயரம் 17 இன்ச்சுக்குக் குறையக் கூடாது. நின்ன நிலையில முழங்கை உயரம், உட்கார்ந்து கை நீட்டினா எட்டுற தூரம்னு அத்தை டேப்போட சுத்திச் சுத்தி வந்தாங்க. அப்பத்தா கேட்டாங்க: "என்ன தாயி, ரவிக்கை தைக்கவா இப்படி அளக்குறீங்க?"

அந்த அளவுகள்தான் கைப்பிடிக் கம்பி எங்க வரணும்னு சொல்லுச்சு. கைப்பிடியை டைல்ஸ் ஒட்டின பிறகு "எங்கேயாவது ஒரு இடத்துல" மாட்டக் கூடாது. ஒரு ஆளோட முழு எடையும் அதுல தொங்கும். எந்தச் சுவர்ல, எந்த உயரத்துலனு முன்னாடியே முடிவு பண்ணி, கெட்டியான ஒன்பது அங்குலச் சுவர்ல மாட்டணும்.

அடுத்த கணக்கு, அந்த 7 இன்ச் இறக்கம். சரிவுப் பாதைக்கு 1:12 கணக்கு. 7 இன்ச்சுக்கு 84 இன்ச், அதாவது 7 அடி நீளம் வேணும். எங்க நடையே 5 அடிதான். கிராஃப் நோட்டுல மூணு விதமா வரைஞ்சு பார்த்தேன், எதுவும் பொருந்தலை. கடைசியில சரிவுப் பாதையே வேண்டாம், நடையையும் பாத்ரூம் தரையையும் வீட்டு மட்டத்துக்குத் தூக்கிடலாம்னு முடிவாச்சு. தடுப்புச் சுவரை இடிச்ச கல்லையே அந்தப் பள்ளத்துக்குப் போட்டுக்கலாம். கழிவுக் குழாய்க்கு நல்ல இறக்கமும் கிடைக்கும். ஆனா தரை 7 இன்ச் ஏறினா கதவோட உயரம் 7 இன்ச் குறையும். அதனால லிண்டலையும் தூக்கிப் போடணும். எப்படியும் கதவை அகலப்படுத்த லிண்டல் மாத்தித்தான் ஆகணும், ரெண்டு பக்கமும் சுவர் மேல குறைஞ்சது 6 இன்ச் உட்காரற மாதிரி. பாருங்க, ஒரு வாக்கரோட அகலத்துல ஆரம்பிச்ச கணக்கு லிண்டல் வரைக்கும் போயிடுச்சு. இது எல்லாமே பேப்பர்லயே நடந்ததால செலவு பூஜ்யம்.

ரெண்டு சின்ன விஷயம், வயசானவங்க இருக்கிற எல்லா வீட்டுக்கும்: பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்கணும். உள்ளே விழுந்துட்டா கதவை அவங்க உடம்பே அடைச்சுக்கும். தாழ்ப்பாள் அவசரத்துக்கு வெளியே இருந்தும் திறக்கிற மாதிரி இருக்கணும். இதை ஆசாரிகிட்ட கதவு செய்யறதுக்கு முன்னாடியே சொல்லணும்.

பணத்தை எப்படிப் பிரிக்கிறது

ஒரு பேப்பரை எடுத்து மூணு பத்தி போட்டோம். காத்திருக்க முடியாதது, அடுத்த வருஷம் செய்யலாம், ஆசை. வீட்டுல எல்லாரும் அவங்கவங்க கையாலேயே எழுதணும்னு சொன்னேன். கூரை ஒழுகல், கம்பி, பாத்ரூம், கூடவே பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் புது வயரிங் முதல் பத்தியில வந்தது. ஹால் டைல்ஸை அப்பாவும் முதல் பத்தியிலதான் எழுதினார். "நாலு பேர் வந்து போற வீடு"ன்னார். அதுல தப்பில்லை. அவர் பொண்ணு கல்யாணம். அன்னைக்கு ராத்திரி வீட்டுல யாரும் சரியா பேசிக்கலை.

அடுத்த நாள் நான் ஒரு விஷயத்தை மட்டும் சொன்னேன். பழைய தரை மேல டைல்ஸ் ஒட்டினா, கலவையோட சேர்த்து ஒன்றரை இன்ச் அளவுக்கு ஹால் ஏறும். எல்லாக் கதவையும் அடியில அறுக்கணும். அப்பத்தா ரூம் வாசல்ல புதுசா ஒரு தடுக்கல் வரும். பழைய தரையைப் பெயர்த்துட்டுப் போடணும்னா செலவும் நாளும் இன்னும் கூடும். ஒரு தடுக்கலை எடுக்கத்தான் இவ்வளவும் பண்றோம். அக்கா பேனாவை வாங்கி ஹால் டைல்ஸை அடிச்சுட்டு மூணாவது பத்தியில எழுதினா. "என்னைப் பார்க்க வர்றவங்க தரையைப் பார்த்துட்டுப் போறதா இருந்தா போகட்டும்பா." அப்பா எதுவும் சொல்லலை. சாயங்காலம் சிவப்புத் தரைக்கு பாலிஷ் போடற ஆளை விசாரிக்கப் போனார்.

மொத்தப் பணத்துல 15 சதவீதம், 75,000 ரூபாயைத் தனியா எடுத்து வச்சோம். பழைய வீட்டைத் தோண்டினா என்ன இருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. எங்களுக்கு நாலாவது நாளே தெரிஞ்சுது. மண்ணுக்குள்ள பழைய கழிவுக் குழாய் முருங்கை வேர் புகுந்து உடைஞ்சு கிடந்தது. அதை மாத்த 41,000 ஆச்சு. தனியா வச்ச பணம் இல்லைன்னா அது கைப்பிடிக் கம்பியோட பணமா இருந்திருக்கும்.

மேஸ்திரிகிட்ட பேசறது

ஒரு காண்ட்ராக்டர் வீட்டைப் பார்க்காமலேயே போன்ல "மொத்தமா மூணரை லட்சம், கண்ணை மூடிட்டு விடுங்க"ன்னார். இன்னொரு மேஸ்திரி நேர்ல வந்தார், அரை மணி நேரம் பேசாம சுத்திப் பார்த்தார், அப்புறம் என்கிட்ட கேட்டார்: "வாட்டம் எந்தப் பக்கம் பாப்பா விடப்போறீங்க?"

வாட்டம்னா தண்ணி ஓடறதுக்கான சரிவு. நாலு வருஷமா நாம "ஸ்லோப்"னு எழுதற அதே விஷயம். எட்டடி நீளத் தரைக்கு 1:80 வச்சா கிட்டத்தட்ட ஒண்ணேகால் இன்ச். அவர் ரசமட்டத்தை வச்சுப் பார்த்து விரல் இடுக்குல காட்டின அளவும் அதேதான். தூக்குக்குண்டு, மூலமட்டம், மணியாசுக்கட்டை, சாரம், கொத்து விடறதுனு அவர்கிட்ட இருந்து ஒரு முழு அகராதியே கிடைச்சுது. பழைய சுவர் மேல புதுப் பூச்சு பிடிக்கணும்னா முதல்ல கொத்து விடணும். நம்ம ஊர் சைட்ல வேலை பார்க்கப்போறவங்க இந்த வார்த்தைகளைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. டிராயிங்கை விட இதுதான் முதல்ல உதவும்.

அவர்கிட்டயும் வாய்ப்பேச்சோட விடலை, எல்லாத்தையும் ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதிக்கிட்டோம். என்னென்ன வேலை, எது நம்ம செலவு, எது அவர் செலவு. இடிச்ச குப்பையை யார் அள்ளுறது, எங்க கொட்டுறது (கண்மாய்க்கரையில இல்லைனு தனியா எழுதினேன்). தண்ணி ஊத்தறது யார் பொறுப்பு. பணம் நாலு தவணை, நாளை வச்சு இல்லை, வேலையை வச்சு. கடைசித் தவணை பாத்ரூம் தரையில 24 மணி நேரம் தண்ணி கட்டி நிறுத்தி, ஒழுகலைனு பார்த்த பிறகு. புதுசா ஏதாவது வேலை சேர்ந்தா அன்னைக்கே ரேட்டை எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடணும். மேஸ்திரி கோபப்படுவாரோனு அம்மாவுக்குப் பயம். அவர் சொன்னது: "எழுதினா எனக்கும் நல்லதுதாம்மா. கடைசியில பேச்சு வாங்கறது நான்தானே."

தண்ணி ஊத்தறதைப் பத்தி ஒரு வார்த்தை. ஐஎஸ் 456 படி காங்கிரீட்டை சாதாரண சிமெண்ட்டுக்கு குறைஞ்சது 7 நாள், கலப்பு சிமெண்ட்டா இருந்தா குறைஞ்சது 10 நாள் ஈரமா வச்சிருக்கணும். மூட்டை மேல பிபிசினு போட்டிருந்தா அது கலப்பு சிமெண்ட். அந்தப் 10 நாளை முதல்லயே நாள்கணக்குல சேர்த்துடுங்க. அவசரத்துல முதல்ல வெட்டுப்படறது இந்த நாட்கள்தான்.

நாள், வரிசை, சாப்பாடு

அடைமழைக்கு முன்னாடி கூரை முடியணும். ஆடியில ஆரம்பிக்கக் கூடாதுனு அம்மா. தீபாவளி சமயத்துல ஆள் கிடைக்காது. எல்லாத்தையும் காலண்டர்ல குறிச்சதும் மிச்சம் இருந்தது வைகாசிக் கடைசிதான். வேலை 26 நாள் ஓடுச்சு.

வரிசை முக்கியம்: மேல இருந்து கீழே, தூசி வேலையில இருந்து நுணுக்க வேலைக்கு. கூரை, இடிப்பு, குழாய், வயரிங், பூச்சு, நீர்க்கசிவு தடுப்பு, டைல்ஸ், கதவு, பெயிண்ட். டைல்ஸ் வாங்கும்போது 10 சதவீதம் அதிகமா, ஒரே பேட்ச் நம்பர்ல வாங்குங்க. அடுத்த பேட்ச்ல அதே டிசைன் வேற நிறமா வரலாம். பாத்ரூம் தரைக்கு மேட் ஃபினிஷ், பளபளப்பு வேண்டாம். கீஸர் வைக்கிறவங்க 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் போடுங்க. எர்த் சரியா இருக்கானு எலக்ட்ரீஷியன்கிட்ட பார்க்கச் சொல்லுங்க. பூச்சு மூடறதுக்கு முன்னாடி, சுவர்ல குழாயும் வயரும் போற இடத்துல டேப்பைப் பிடிச்சு போட்டோ எடுத்து வைங்க. அஞ்சு வருஷம் கழிச்சு டிரில் போடறப்போ அந்த போட்டோ உங்களுக்குக் கோயில் மாதிரி.

இருக்கிற ஒரே பாத்ரூமையே இடிக்கிறோம்னா அதுவரைக்கும் எங்க போறது? இந்தக் கேள்வி எந்த எஸ்டிமேட்லயும் வராது. அம்மா ரெண்டு வாரம் முன்னாடியே பக்கத்து வீட்டு சித்திகிட்ட பேசி வச்சாங்க. சமையலறை சீலிங் வேலை நடந்த 3 நாளுக்கு அடுப்பு ஹாலுக்கு வந்துடுச்சு. சாமி படம், பத்திரம், நகை எல்லாம் பெரியப்பா வீட்டுக்குப் போச்சு.

ஆனி முடியறதுக்குள்ள அப்பத்தா வந்தாங்க. வீட்டைச் சுத்திப் பார்த்து, சிவப்புத் தரை அப்படியே இருக்கிறதுல சந்தோஷம். வாக்கரோட பின்வாசல் தாண்டி நேரா போனாங்க. நானும் அம்மாவும் பின்னாடியே போனோம். திரும்பிப் பார்த்து "நீங்க எதுக்கு வர்றீங்க"ன்னு கேட்டு, கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கிட்டாங்க. மூணு மாசத்துல முதல் தடவையா யாரும் கூட நிக்காம.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ பையில ஒரு டேப் போட்டுக்கோங்க. இப்போதைக்கு எந்த வேலையும் செய்யப்போறதில்லைன்னாலும் பரவாயில்லை. வீட்டுல வயசான ஒருத்தர் இருந்தா, அவங்க ராத்திரி கட்டில்ல இருந்து எந்திரிச்சு பாத்ரூம் போற வழியில கூடவே நடந்து பாருங்க. எத்தனை படி, எத்தனை தடுக்கல், எந்தக் கதவு எவ்வளவு அகலம், லைட் சுவிட்ச் எங்க இருக்குனு எழுதுங்க. வரைஞ்சதைக் கொண்டுவாங்க. மத்தியானம் எங்க டிபார்ட்மெண்ட் பக்கம் வந்தா சேர்ந்து பார்க்கலாம். காபி மட்டும் உங்க செலவு.

— இறுதியாண்டு, சிவில்